வால்வு போட்ட பெடல்

வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: சுவிட்ச் போட்டதும் பாட்டு வராது, உள்ளே இழை சிவந்து சூடாக வேண்டும். அதே ஜாதி வால்வை வைத்துத்தான் இப்போது பேரனின் கிட்டாருக்கும், அவன் நண்பனின் பேஸ் கிட்டாருக்கும் பெடல் செய்து கொடுக்கிறேன்.

வால்வின் பெயர் 12ஏஎக்ஸ்7. ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு ட்ரையோடு. இழைக்கு 12.6 வோல்ட், 150 மில்லி ஆம்பியர் போதும். சிக்னல் மிஞ்சினால் சாதாரண டிரான்சிஸ்டர் சர்க்யூட் அலையின் உச்சியை வெடுக்கென்று வெட்டிவிடும். வால்வு மெல்ல மழுக்கும். அந்த இதமான கரகரப்புக்குத்தான் பையன்கள் அலைகிறார்கள். பேஸுக்கு மட்டும் கப்ளிங் கெபாசிட்டரைப் பெரிதாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் கீழ் ஸ்வரங்கள் மெலிந்துவிடும்.

அடுத்ததைத் தானே செய்வேன் என்கிறான் பேரன். வால்வு முழு பலத்தோடு வேலை செய்ய பிளேட்டுக்கு 250 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் பிளேட்டுக்கும் 12 வோல்ட்டே போதும் என்கிற சர்க்யூட்டை வரைந்து கொடுத்தேன்.

"இதுல சத்தம் கம்மியா வருமே தாத்தா?"

"வரட்டும்டா. மீட்டர் வெச்சுப் பாக்காம உள்ள கை விடாத பழக்கம் வரட்டும், அப்புறம் பெருசு பண்ணலாம்."

முகம் வாடிப் போனான். மறுநாள் காலையில் மீட்டர் வாங்கக் காசு கேட்டு வந்து நின்றான்.