கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தபோது

திருவரங்கத்து இராஜகோபுரம் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டது. 1987-இல் அதற்குக் குடமுழுக்கு நடந்தபோது கூட்டத்தில் ஒருவனாக நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, உச்சிக் கலசங்கள் வரை கண்குளிரக் கண்டவன் நான். சென்ற ஆண்டு மாசியில் அதே இடத்தில் அவ்வாறே நிமிர்ந்தேன். வலது தோளிலிருந்து நடுவிரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்தாற்போல ஒரு வலி! தலையைத் தாழ்த்தியதும் அடங்கிவிட்டது.

வாயுப் பிடிப்பு என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு தைலம் தேய்த்தேன். இரவில் வலது கையைத் தலைமேல் வைத்துப் படுத்தால் மட்டும் வலி சற்றுக் குறையும். அதுவே நோயின் ஓர் அடையாளம் என்பதை அப்போது அறியேன். போதாக்குறைக்கு, முடி வெட்டிக்கொள்ளச் சென்ற இடத்தில் கழுத்தைச் சொடுக்கெடுக்கவும் இசைந்தேன். அன்றிரவு உறக்கமே இல்லை. வங்கியில் 34 ஆண்டுகள் பிறர் கணக்கில் பிழை கண்டவன் செய்த மடமை இது.

மூன்று வாரம் கழித்துப் பெருமாள் சந்நிதியில் சாஷ்டாங்கமாக விழுந்து வணங்கினேன். எழுவதற்காகக் கைகளை ஊன்றினால், வலது முழங்கை நிமிர மறுக்கிறது. அருகிலிருந்த இளைஞர் ஒருவர்தாம் தூக்கி நிறுத்தினார். வலியைப் பொறுத்துக்கொண்ட எனக்கு, வலுவிழந்த அந்தக் கை பேரச்சத்தைத் தந்தது. என் மனைவி வேறொன்றும் கூறவில்லை. "தைலம் போதும், கிளம்புங்க" என்றாள்.

மருத்துவர் என் வயதைக் கேட்டதும் முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். கைவலி இதயத்திலிருந்தும் வரக்கூடும் அல்லவா? அது சரியாக இருந்தது. பிறகு தலையைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்தார். விரல்களில் குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மீதியைச் சொல்லிற்று. கழுத்தில் உள்ள 7 முள்ளெலும்புகளுள் ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி, நரம்பு வேரை அழுத்திக்கொண்டிருந்தது. ஜவ்வு விலகல் என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். வட்டின் வெளிப்புறம் நார் வளையம். உள்ளே கூழ் போன்ற பொருள். வயது ஏற ஏற நீர் வற்றி வளையம் கீறும். கூழ் வெளியே தள்ளும். அந்த இடத்து நரம்பே நடுவிரலுக்கு உணர்வையும், முழங்கையை நீட்டும் தசைக்கு வலுவையும் தருவதாம். ஒரு மட்டம் மேலே பிதுங்கியிருந்தால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்திருக்கும். காதுக்கும் தோளுக்கும் இடையே தொலைபேசியை இடுக்கிப் பேசியதால் வந்த வினையா என்று கேட்டேன். "அதைவிட உங்க வயசுதான் சார் காரணம்" என்று சிரித்தார்.

"கத்தி வைக்க வேண்டுமா?" என்றபோது என் குரல் நடுங்கியது. பெரும்பாலோர்க்கு அறுவையின்றியே சில வாரங்களில், சில மாதங்களில் குணமாகும். பிதுங்கிய பகுதி தானே சுருங்குவதும் உண்டு என்றார். ஆனால் கையின் வலு மேலும் குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வரவேண்டும் என்றும் எச்சரித்தார். சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமற்போவது, இவை தண்டுவடமே நசுங்குவதன் அறிகுறிகளாம். எண்பதை நெருங்கும் அன்பர்கள் நடைத் தள்ளாட்டத்தை முதுமை என்று தள்ளிவிடுவதைக் கோயிலிலேயே பார்க்கிறேன். ஒருமுறை கழுத்தையும் காட்டிவிடுவது நல்லது.

மாத்திரைகள் சில வாரம். கழுத்துப் பட்டை சில நாள் மட்டும், நெடுநாள் அணிந்தால் தசை தளர்ந்துவிடும் என்றார்கள். பிறகு பிசியோதெரபி. நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாமல் ஒன்றையொன்று எதிர்த்து அழுத்தும் பயிற்சி பார்க்க எளிது. முதல் வாரம் கண்ணீர் வந்தது. அன்றாடம் மாலையில் சுவரில் கையூன்றித் தள்ளிப் பார்ப்பேன். எட்டாம் வாரத்தில்தான் முழங்கை முழுதாக நிமிர்ந்தது. நடுவிரல் நுனியில் இன்றும் சிறிது மரப்பு உண்டு.

சாஷ்டாங்க நமஸ்காரம் இப்போது இல்லை, நின்றபடியே கைகூப்புகிறேன். கோபுரத்தை மட்டும் விட மனமில்லை. திருச்சியிலிருந்து பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது சன்னலோரம் அமர்ந்துகொள்கிறேன். அங்கிருந்து காணத் தலையை நிமிர்த்த வேண்டியதில்லை.