திருநாள் நகரும், நினைவு நாள் நகராது

நீர்கொழும்பு,
தவக்கால வெள்ளி

அன்புள்ள அக்கா,

அத்தான் போன பிறகு வரும் முதல் தவக்காலம். "ஏற்கெனவே சோறு இறங்கல, இதுல ஒருசந்தி வேறயா?" என்று போனில் கேட்டீர்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இங்கே பார்த்ததை எழுதுகிறேன்.

கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் மாலையில் சிலுவைப்பாதை. எல்லாம் சிங்களம். 14 நிலைகளும் நமக்கு மனப்பாடம் என்பதால் முழங்காலிட இடம் தெரிந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் குண்டு வெடித்த கோவில் இது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், ஓட்டல்களிலும் அன்றே. இங்கே மட்டும் நூறு பேருக்கு மேல். நாற்பது நாள் சுத்தபோசனம் காத்து, அல்லேலூயா பாட வந்தவர்கள்.

மூன்றே மாதத்தில் கோவிலைச் செப்பனிட்டுத் திறந்துவிட்டார்கள். ஒரு சுரூபத்தை மட்டும் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உயிர்த்த இயேசு, மேலெல்லாம் மக்களின் இரத்தத் தெறிப்பு. பாடுபட்ட சுரூபத்தில் சிவப்புச் சாயம் பார்த்துப் பழகிய கண் நமக்கு. இது சாயம் இல்லை, அக்கா.

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. மகளைப் பறிகொடுத்தவர். தவக்காலம் பரவாயில்லையாம், ஈஸ்டர்தான் கஷ்டமாம். யோசித்தால் சரிதான். இப்போது பீடத்தில் பூ இல்லை, அல்லேலூயா இல்லை. அழுகிறவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஈஸ்டரன்று ஊரே சிரிக்கும், நாமும் சிரிக்க வேண்டும். அதிலும் இவர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள். ஈஸ்டர் 2024இல் மார்ச் 31, போன வருஷம் ஏப்ரல் 20, இந்த வருஷம் ஏப்ரல் 5. ஏப்ரல் 21 அங்கேயே நிற்கிறது. இனி 2030இல்தான் இரண்டும் ஒன்றாக வரும். அந்த அம்மா ஈஸ்டருக்கும் கவுச்சி தொடுவதில்லை, 21 கழிந்த பிறகுதான். திருச்சபையில் அப்படியொரு சட்டம் கிடையாது. வைத்துக்கொண்டால் என்ன?

முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தும் தடுக்கவில்லை என்று முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டுமென 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பற்றி அந்த அம்மாவிடம் கேட்டேன். பணம் கிடக்கட்டும், செய்யச் சொன்னது யார் என்று தெரிய வேண்டும் என்றார்.

ஒருசந்தியை இந்த வருஷம் விடுங்கள், அக்கா. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் நீங்கள். ஈஸ்டர் பூசைக்கு மனமில்லையென்றால் வர வேண்டாம். பங்கில் யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். குருத்து ஞாயிறுக்கு முன்னால் தூத்துக்குடி வந்துவிடுவேன்.

அன்புத் தங்கை