முதலில் விமானத்தைப் பிடி!



சில வருடங்களுக்கு முன் உம்றாவை முடித்து மனைவியோடு விமானத்தில் திரும்பிக் கொண்டிருந்தேன். கட்டுநாயக்கவை நெருங்கும்போது கறுத்த மேகம் சூழ்ந்து கொண்டது. யன்னலால் பார்த்தால் இறக்கை நுனிகூடத் தெரியவில்லை. "ஓட்டுறவருக்கு மட்டும் பாதை எப்படித் தெரியும்?" என்று கேட்டவள் என் கையை இறுகப் பிடித்தாள். கிதாபு ஓதிக் கொடுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. உள்ளுக்குள் நானும் நடுங்கிக் கொண்டுதான் இருந்தேன்.

ஊர் வந்த பின் தேடிப் படித்து, அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். வெளியே ஒன்றும் தெரியாதபோது விமானி கருவிகளைப் பார்த்தே ஓட்டுகிறார். அதற்கென்றே தனிச் சட்டங்கள் உண்டு. மேகத்துள் நமது காதின் உட்பகுதி நம்மை ஏமாற்றிவிடும். சரிந்து செல்லும் விமானம் நேராகச் செல்வதாகவே உடம்பு சொல்லும். ஆகவே உணர்வை விட்டுக் கருவியை நம்ப வேண்டும். கருவியும் பழுதாகலாம் என்பதால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எதிர்பாராத ஆபத்து வந்தால் முதலில் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, அடுத்து எங்கே செல்வதெனத் தீர்மானிப்பது, அதன் பின்பே தரையோடு கதைப்பது என்பதே ஒழுங்கு.

1982 ஜூன் 24 அன்று இரவு நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டிஷ் எயார்வேய்ஸின் போயிங் 747 விமானமொன்று 263 பேரோடு ஜாவாவுக்கு அருகே பறந்தது. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் அது புகுந்தது. சாம்பல் உலர்ந்தது; மழை மேகத்தைக் காட்டும் ராடார் அதைக் காட்டவில்லை. நான்கு எஞ்சின்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. வேகங்காட்டிகள் இரண்டும் வெவ்வேறு அளவைக் காட்டின. ஆபத்தை அறிவித்தபோது தரையிலிருந்தவர்கள் நான்காம் எஞ்சின் மட்டுமே நின்றதாக விளங்கிக் கொண்டனர். தலைமை விமானி எரிக் மூடி பதறவில்லை. சுமார் 37,000 அடியிலிருந்து சறுக்கியபடியே, தம் குழுவினரோடு எஞ்சின்களை முடுக்கும் முறையைத் திரும்பத் திரும்பச் செய்தார். 13,000 அடியளவில் எஞ்சின்கள் உயிர் பெற்றன. ஒன்றை மீண்டும் நிறுத்த நேர்ந்தது. சாம்பல் உரசியதில் முன் கண்ணாடியும் மங்கிவிட்டது. ஜகார்த்தாவில் இறங்கு சரிவைக் காட்டும் கருவி இயங்கவில்லை. துணை விமானி தூரத்தைப் பார்த்து, அதற்குரிய உயரத்தைக் கணக்கிட்டுச் சொல்லச் சொல்ல, விமானம் பத்திரமாக இறங்கியது. அத்தனை பேரும் பிழைத்தனர்.

இதை வாசித்து இரண்டு மாதம் இருக்கும். நடுச்சாமத்தில் எங்கள் கடைசி மகனுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. நான் கூக்குரலிட்டு அயலவரை அழைக்க வாசலுக்கு ஓடினேன். மனைவியோ பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, வாயில் எதையும் வைக்காமல் பக்கத்திலேயே இருந்தாள். மணிக்கூட்டைப் பார்த்துக் கொண்டாள். "இப்ப ஆட்டோவைக் கூப்பிடுங்க" என்றாள். வைத்தியர் கேட்டபோது வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் அவள்தான் சொன்னாள். மகன் சுகமாகிவிட்டான்.

வீடு திரும்பியதும், "உங்களுக்கு எப்படி அந்த நிதானம் வந்தது?" என்று கேட்டேன்.

"நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க, முதல்ல விமானத்தைப் பிடிக்கணுமெண்டு" என்றாள்.

சகோதரிகளே, படித்துக் கொடுத்தவன் நான். பாடம் படித்தவள் அவள்.