இரண்டடிக் கடல்



நம் பள்ளிகள் பலவற்றில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு மீன்தொட்டி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். தங்கமீனோ கப்பி மீனோ நீந்திக் கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை யாரேனும் ஓர் ஆசிரியர் நான்கு மாணவர்களை அழைத்துக் கொண்டு அதனைக் கழுவுவார். எங்கள் பள்ளியில் அந்தப் பணி ஏழாண்டுகளாக என்னுடையது. ஆகவே, மீன் வளர்ப்பதில் எனக்குப் பட்டறிவு உண்டு என்று நம்பிக் கொண்டிருந்தேன். 2022ஆம் ஆண்டின் இறுதியில், வீட்டில் ஒரு சிறிய பவளத் தொட்டி அமைக்கப் புகுந்தபோதுதான் அந்த நம்பிக்கையின் கனம் எவ்வளவு என்பது புரிந்தது.

ஆசை என் மகனுடையது. அப்போது அவனுக்குப் பத்து வயது. 'ஃபைண்டிங் நீமோ' என்னும் கேலிச்சித்திரப் படத்தைப் பார்த்துவிட்டு, கோமாளி மீன் வேண்டும் என்றான். 2003இல் வெளிவந்த அந்தப் படத்தின் கதையே ஒரு மீன் தொட்டியிலிருந்து தப்பித்து வீடு திரும்புவதுதான். அதைப் பார்த்த பிள்ளைகள் அனைவருக்கும் ஏனோ தொட்டி வாங்கும் ஆசைதான் வருகிறது! நானும் இணங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. செலவுக் கணக்கை இங்கே எழுதவில்லை. என் இல்லத்தரசியாரும் இதனைப் படிப்பார்.

கிள்ளானில் வசிக்கும் எங்களுக்குக் கடல் தொலைவில் இல்லை. எனினும் இந்தக் கரையோரக் கடல் சேறு கலந்தது. துறைமுகம் வேறு அருகில் இருக்கிறது. அந்த நீர் பவளத்திற்கு ஆகாது. எனவே குழாய்நீரை ஆர்.ஓ. வடிகட்டியில் தூய்மைப்படுத்தி, அதில் கடலுப்புக் கலவையைக் கரைத்துத்தான் கடல்நீர் செய்ய வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கற்களும் மணலும் அடைத்துக் கொண்ட இடம் போக, எங்கள் தொட்டி 45 லிட்டர் நீர் கொண்டது. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் உப்பு சென்றது. சமையலுப்பு உதவாது. கடல்நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இன்ன பிற தாதுக்களும் இருக்கின்றன. கலவையில் அவையும் சேர்ந்திருக்கும். உப்பின் அளவைச் சரிபார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் சிறு கருவி உண்டு. அதன் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரை விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். என் மகன் முதல் நாளே அதனைத் தன்னுடையதாக்கிக் கொண்டான். நாற்பது பக்கப் பள்ளிக் குறிப்பேடு ஒன்றை எடுத்து, நாள், வெப்பநிலை, உப்பு என்று கோடு போட்டு எழுதவும் தொடங்கினான். தமிழ்க் கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் நகராத பிள்ளை அவன்.

அடுத்தது உயிர்ப்பாறை. பெயரைக் கேட்டு மருள வேண்டா. நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைதான்; அத்துளைகளில் வாழும் நுண்ணுயிரிகளால் அதற்கு அப்பெயர். இம்முறையைப் பலருக்கும் காட்டிக் கொடுத்தவர் நம் அண்டை நாட்டவர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடற்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டியில் பவளங்களை உயிருடன் வைத்திருந்தார். 1961இல் அவர் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் அதனைப் பற்றி எழுதினார். தம் வீட்டருகே நல்ல கடல் அவருக்கு இருந்தது. நமக்குக் கடையில் வாங்கிய பாறைதான்.

நிற்க. இனி எழுதப் போவது எனக்குப் பெருமை சேர்க்காதது.

மீன் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு, மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் தீங்கானது. வேறொரு வகை, நைட்ரைட்டை அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகின்றது. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிரிகள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் நீரும் பாறையும் மட்டுமே இருக்கும். வீட்டுக்கு வரும் உறவினர்கள் "மீன் எங்கே?" என்பார்கள். இவை யாவும் எனக்குத் தெரியும். கடைக்காரரும் சொல்லியிருந்தார். என்றாலும் ஒவ்வொரு மாலையும் வெறுந்தொட்டியின் முன் அமர்ந்திருக்கும் மகனைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு கோமாளி மீனை வாங்கி வந்து விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் அது மணலின் மேல் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்துக் கொண்டிருந்தது. மகன் பள்ளி வண்டியில் ஏறிச் சென்றுவிட்டான். எனக்கு அன்று மருத்துவ விடுப்பு. ஒன்பது மணிக்கெல்லாம் மீன் இறந்துவிட்டது. நீரைச் சோதித்துப் பார்த்தேன். அம்மோனியாச் சோதனைக் குழாய் பச்சையாக மாறியது. மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

செய்தித்தாளில் சுற்றி, வீட்டுப் பின்புறம் வாழைமரத்தடியில் அதனைப் புதைத்தேன். பிறகு செய்ததுதான் தவறு. பாதி நீரை மாற்றினேன். கடைக்குச் சென்று, அதே அளவில், அதே நிறத்தில் வேறொரு கோமாளி மீனை வாங்கி வந்தேன். நுண்ணுயிரிக் கரைசல் ஒரு புட்டியும் வாங்கினேன். மகன் வீடு திரும்பியபோது மீன் நீந்திக் கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் இரண்டு வாரங்கள் நாள்தோறும் பத்து லிட்டர் நீரை மாற்றினோம். ஏன் என்று கேட்டான். அம்மோனியாவைப் பற்றியும் நைட்ரைட்டைப் பற்றியும் படம் வரைந்து விரிவாக விளக்கினேன். அந்தப் பாடத்திற்கு உயிரை விலையாகக் கொடுத்த மீனைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மீன் பிழைத்துக் கொண்டது. எனது திறமையால் பிழைத்தது என்று சொல்வதற்கில்லை.

ஒரு மாதம் கழித்து, உப்பின் அளவு ஏன் கூடுகிறது என்று பார்ப்பதற்காக அவனுடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். நான் மருத்துவ விடுப்பில் இருந்த நாளுக்கு நேரே, வெப்பநிலைக்கும் உப்புக்கும் கீழே, சிறிய எழுத்தில் இவ்வாறு இருந்தது: "இது வேறு மீன். நடுக்கோடு முழுமையாக இல்லை. அப்பா சொல்லவில்லை."

கோமாளி மீனின் உடலில் மூன்று வெண்கோடுகள் இருக்கும். அவை மீனுக்கு மீன் சிறிது வேறுபடும். நடுக்கோடு சிலவற்றில் முழுதாக வளைந்திருக்கும். சிலவற்றில் பாதியில் நின்றுவிடும். நான் பார்த்தது நிறத்தையும் அளவையும். அவன் ஐந்து நாளில் அந்த மீனை மனப்பாடமாக அறிந்திருந்தான்.

அன்றிரவு அவனை அழைத்து, "ஏன் அய்யா, அப்பாவைக் கேட்கவில்லை?" என்றேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்பா," என்றான்.

வகுப்பறையில் இருபதாண்டுகள் நின்றிருக்கிறேன். வீட்டுப்பாடத்தை நாய் கிழித்துவிட்டது என்று சொன்ன பிள்ளைகளை எத்தனையோ முறை நிறுத்தி வைத்து, உண்மை சொல்லுமாறு வற்புறுத்தியிருக்கிறேன். எனக்கு அன்று மறுமொழி கிட்டவில்லை. வாழைமரத்தடிக்கு அழைத்துச் சென்று இடத்தைக் காட்டினேன். கைவிளக்கு வெளிச்சத்தில் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "செவுள் சிவப்பா இருந்துச்சா?" என்று கேட்டான். ஆம் என்றேன். உள்ளே சென்று அதனையும் எழுதிக் கொண்டான்.

உப்பு கூடியதற்குக் காரணத்தையும் அவனே கண்டுபிடித்தான். நம் நாட்டு வெப்பத்தில் தொட்டி நீர் பகலில் 31 பாகை வரை ஏறிவிடும். பவளங்களுக்கு 25 முதல் 27 பாகை வரை ஏற்றது. குளிர்விப்பான் விலை அதிகம் என்பதால் நீர்ப்பரப்பின் மேல் இரு சிறு மின்விசிறிகளைப் பொருத்தியிருந்தோம். அவை நீரை ஆவியாக்கி வெப்பத்தை மூன்று பாகை அளவு குறைத்தன. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த நீருக்கு ஈடாக நான் உப்புநீரையே ஊற்றி வந்திருக்கிறேன்! நன்னீர்தான் ஊற்ற வேண்டும். நீரின் சுழற்சியை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைபவன் நான்.

நான்காம் மாதத்தில் பவளங்கள் வந்தன. கடலிலிருந்து பெயர்த்தவற்றை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டி, சிறு கல்லில் ஒட்டி வளர்த்த துண்டுகளைக் கடையில் கேட்டு வாங்கலாம். காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திட் ஆகியவை புதியவர்களுக்கு ஏற்றவை. பெற்றோர்கள் ஒன்றை நினைவில் கொள்க: சோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையின்றித் தொடலாகாது. அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் இட்டுக் கழுவவே கூடாது. ஆவியை முகர்ந்தவர்கள் மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் உண்டு. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவ்வகையைத் தவிர்ப்பதே நன்று. நாங்களும் தவிர்த்தோம்.

பவளம் ஓர் உயிரினம் என்பதை நம் மாணவர்கள் எளிதில் ஏற்பதில்லை. கல் என்பார்கள், இல்லையேல் செடி என்பார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. பவளம் விலங்கினத்தைச் சேர்ந்தது. அதன் உடலுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு உணவு செய்து தருகின்றன. பவளத்தின் வண்ணத்தில் பெரும்பங்கு அப்பாசிகளுடையது. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் பாசிகளை இழந்து வெளுத்துவிடும். 2010இல் கடல் சூடேறியபோது நம் நாட்டில் தியோமான், ரெடாங் தீவுகளின் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றைச் சில மாதங்களுக்கு மூடினார்கள். 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நடந்து வருவதாக அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு அறிவித்தது.

அதே ஆண்டு தீபாவளிக்கு என் மாமியார் வீட்டில் நான்கு நாள்கள் தங்கினோம். மீனுக்கு இரை இடுவது பற்றிக் கவலை இல்லை. நான்கு நாள் பட்டினியால் அதற்கு ஒன்றும் ஆகாது. புறப்படும்போது வழக்கம்போல் வீட்டின் மின்விசைகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். மின்கட்டணத்தைப் பற்றி வகுப்பில் அறிவுரை சொல்லிப் பழகிய கை! திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மகன் நேரே தொட்டியிடம் ஓடினான். பூட்டிய வீட்டில் நீர் 32 பாகையில் இருந்தது. நீரோட்டி ஓடிக் கொண்டிருந்தது. விளக்கும் தானியங்கி விசையின்படி எரிந்து கொண்டிருந்தது. மின்விசிறிகள் இரண்டும் நின்றிருந்தன. மீன் தப்பித்துவிட்டது. தோல் பவளம் சுருங்கிக் கிடந்தது. சிவப்பாக இருந்த காளான் பவளம், அடுத்து வந்த ஒரு வாரத்தில் வெளிறி, வெள்ளைத் தாள் போல் ஆயிற்று.

வெப்பத்தை உடனே இறக்கிவிடத்தான் கை துடித்தது. திடீரென்று குளிர்விப்பதும் கேடு என்பதால், விசிறிகளைப் போட்டு இரண்டு நாள்களில் மெல்ல மெல்ல இறக்கினோம். ஒளியின் நேரத்தைக் குறைத்தோம். தோல் பவளம் பத்து நாளில் தேறியது. காளான் பவளத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி தோன்றப் பிப்ரவரி வரை காத்திருந்தோம்.

ஊரிலிருந்து திரும்பிய அன்றிரவு, குறிப்பேட்டை நானே கேட்டு வாங்கினேன். அன்றைய நாளுக்கு நேரே, அவன் எழுதிய 32 பாகைக்குக் கீழே, என் கைப்பட எழுதினேன்: "விசிறியை போடாமல் மறந்து அணைத்துவிட்டுச் சென்றவன் அப்பா."

மறுநாள் பார்த்தபோது என் வாக்கியத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் இருந்தது. பக்கத்தில் "விசிறியைப் போடாமல்" என்று திருத்தி, 'ப்' என்பதன் கீழ் இரண்டு கோடுகள் இட்டிருந்தான்.