கறுப்புத் திரையோடு ஒரு செமஸ்டர்

முப்பரிமாண கேம் எழுதக் கற்பவர்கள் முதலில் எழுதி முடிக்கும் கேமில் ஒன்றுமே தெரியாது. புரோகிராம் ஓடும், பிழைச்செய்தி வராது, விண்டோ திறக்கும், உள்ளே வெறும் கறுப்பு. மற்ற பாடங்களில் தப்பு செய்தால் எந்த வரி என்று கம்பைலராவது காட்டிக்கொடுக்கும். படத்தை வரையும் சிப்பான ஜிபியு வாயே திறக்காது. கேமரா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். முக்கோணத்தின் முனைகளைக் கடிகாரச் சுற்றில் கொடுத்திருந்தால், அது முதுகைக் காட்டுகிறது என்று வரையாமல் விட்டிருக்கலாம். ரேடியன் கேட்ட இடத்தில் டிகிரி போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் திரை ஒன்றுதான்.

இந்தப் பாடத்தை மாணவனாகப் படித்து, இப்போது லேபில் சொல்லிக்கொடுக்கிறேன். "யூனிட்டியில் ஒரே நாளில் ஆள் ஓடுகிறானே சார், இதெல்லாம் எதற்கு?" என்று எல்லா பேட்சிலும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. யூனிட்டியும் அன்ரியலும் நல்ல என்ஜின்கள். வேலைக்குப் போனால் பெரும்பாலும் அவற்றில்தான் உட்காரவேண்டும். ஆனால் அந்த ஆள் ஓடாமல் தரைக்குள் புதைந்தால், அல்லது தூரத்துச் சுவர்கள் மினுமினுத்தால், எங்கே கைவைப்பது?

மினுமினுப்பையே எடுத்துக்கொள்வோம். எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானிக்க ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் ஆழ எண் வைத்திருக்கிறோம். அந்த எண்கள் தூரத்துக்குச் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கேமரா பார்க்கத் தொடங்கும் அருகெல்லையை 10 சென்டிமீட்டரில் வைத்து ஒரு கிலோமீட்டர் வரை பார்த்தால், வழக்கமான கணக்கில் பாதி எண்கள் முதல் 20 சென்டிமீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிடும். மிச்சப் பாதிதான் மீதி உலகம் முழுவதற்கும். தூரத்தில் ஒட்டிநிற்கும் இரண்டு சுவர்களுக்கு ஒரே எண் விழுகிறது. அவை முன்னிடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. அருகெல்லையைக் கொஞ்சம் தள்ளிவைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். என்ஜினிலும் அதை மாற்றலாம், மாற்றவேண்டியது அதுதான் என்று தெரிந்தால்.

அணிப் பெருக்கலுக்குப் பரிமாற்றுப் பண்பு இல்லை என்பதை மேல்நிலைப் பள்ளியில் ஒரு மார்க் கேள்வியாகத்தான் படித்தோம். பொருளை நகர்த்துவதும் சுழற்றுவதும் அணிகளால்தான் என்பதால் இங்கே அது கண்ணுக்குத் தெரியும். உருண்டையைச் சுழற்றிவிட்டு நகர்த்தினால், போன இடத்தில் நின்று தன்னைத்தானே சுற்றும். நகர்த்திவிட்டுச் சுழற்றினால், சூரியனைச் சுற்றும் பூமியாகிவிடும்.

கறுப்புத் திரைக்கு வருகிறேன். லேபில் நான் முதலில் செய்யச்சொல்வது, பின்னணியைக் கறுப்பல்லாத ஏதோ ஒரு நிறமாக்குவது. விளக்கு மட்டும் எரியாமல் இருந்தால் பொருளின் நிழலுரு அதில் தெரிந்துவிடும். தெரியவில்லையா? அணிகளையெல்லாம் கழற்றிவிட்டு, -1க்கும் 1க்கும் இடையே ஒரே ஒரு முக்கோணம் வரை. அது வந்தபின் அணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டு. ஜிபியுவில் ஓடும் நிரலான ஷேடருக்குள் ஓர் எண்ணைப் பார்க்கவேண்டுமா, அதையே நிறமாகப் பூசு. பரப்பு எந்தத் திசை பார்க்கிறது என்பதைச் சிவப்பு, பச்சை, நீலமாகத் தீட்டினால் புரண்டுபோன முகம் தனியாகத் தெரியும். பேசாத திரையைப் பேசவைக்கும் இந்த வித்தையை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் பாதி இதுதான்.

இந்தத் துறையின் அடித்தளத்தில் பெரும்பகுதி மாணவர்கள் போட்டது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஹென்றி கூரோ 1971-இல் வளைபரப்புக்கு நிழல் தீட்டும் முறையைத் தந்தார். 1973-இல் பூய் துவோங் போங் பளபளப்பைக் கணக்கிடும் முறையை எழுதினார். மேலே சொன்ன ஆழ எண்களின் கிடங்கு, எட் கேட்மல் 1974-இல் கொடுத்த ஆய்வேட்டில் இருக்கிறது. பிக்சலுக்குப் பிக்சல் நினைவகம் என்பது அன்றைக்குக் கட்டுப்படியாகாத செலவு. இன்று சட்டைப்பையில் இருக்கும் போனிலும் அது ஓடுகிறது.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள் விளம்பரப் படங்களை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். என்ஜின் எதுவும் இல்லாமல், ஒரு முக்கோணத்தைப் பிக்சல் பிக்சலாக நீங்களே நிரப்பும் பயிற்சி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் வாரமே யூனிட்டியைத் திறந்து, அணிகளை இரண்டு வகுப்பில் முடித்துவிடும் இடமென்றால் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். அந்த அளவுக்கு யூடியூபே சொல்லித்தரும்.