மிச்சம் மூன்று பெட்டை

விருதுநகர் மாவட்டத்தில் கரிசல் காட்டு ஊர் ஒன்று. 2 ஏக்கர் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் வீடு. பருத்தி விற்ற காசு உரக்கடைக்கும் வட்டிக்கும் போய்விடும். கோழிக் காசு மட்டும் அந்த வீட்டு அம்மாவுடையது. மாதச் சீட்டு, பேத்திக்கு நோட்டு, திடீர்க் காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அதில்தான். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லாத காசு.

மாசி மாதம் தெருவில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒரே வாரத்தில் 19 கோழிகளில் 16 செத்துப்போயின. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். மிஞ்சியவை மூன்று பெட்டைகள். சாம்பல் ஒன்று, செவலை ஒன்று, கருப்பு ஒன்று.

"அத்தே, இதையும் வித்துட்டுப் பண்ணைக் குஞ்சா வாங்கி விடுவோமே" என்றாள் மருமகள்.

"தீவனம் யாரு வாங்குறது? இதுக குப்பையக் கிளறித் தின்னு வளந்ததுக. இருக்கட்டும்" என்றார் அவர்.

கூட்டைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். இரண்டு மாதம் புதிய கோழி எதையும் வீட்டுக்குள் விடவில்லை. அதன்பின் தங்கை ஊரிலிருந்து ஒரு சேவலும் நான்கு விடைக்கோழிகளும் வந்தன. வந்தவற்றையும் நேராக வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. 21 நாள் காட்டுக் குடிசையில் தனியாக வைத்திருந்தார். நோய் ஏதும் ஒளிந்து வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும் அல்லவா?

அடுத்தது வரிசைச் சண்டை. கோழிகளுக்குள் பெரியது சின்னது உண்டு. சாம்பல்தான் முதலில் இரை எடுக்கும். அது செவலையைக் கொத்தும், செவலை கருப்பைக் கொத்தும். கருப்பு யாரையும் கொத்தாது. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லெஃப் ஷெல்டரப் எபே, சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, இந்தக் கொத்து வரிசையை 1921-ல் எழுதி வைத்தார். வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் ரத்தம் வராது. பெரியது தலையைத் தூக்கிப் பார்த்தாலே சின்னது ஒதுங்கிக்கொள்ளும். புதுக்கோழி வரும்போதுதான் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அதனால் புதியவற்றை இருட்டிய பிறகு கூட்டில் ஏற்றினார். காலையில் ஒரே தட்டில் இரை வைக்காமல் தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் கம்பு இறைத்தார். அடிபட்ட கோழி ஓடி ஒளிய மூலையில் இரண்டு கூடைகளைச் சாய்த்து வைத்தார். சில நாளில் அமளி அடங்கியது. மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழியில் எல்லாம் சேர்ந்து புரண்டன. இந்த மண்குளியல் கோழிக்கு விளையாட்டு மட்டுமல்ல, பேனையும் செள்ளையும் உதிர்க்கும் வேலை.

முதலில் அடை கேட்டது, வரிசையில் கடைசியான கருப்புதான். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளில் 12-ஐப் பொறுக்கி, மணலும் வைக்கோலும் பரப்பிய கூடையில் வைத்தார். 7-ம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, 10 முட்டைகளில் சிலந்திக்கால் போல நரம்பு ஓடியிருந்தது. வெறுமனே இருந்த இரண்டை எடுத்துவிட்டார். கருப்பு ஒரு நாளைக்கு ஒருமுறை இறங்கி, தின்று, தண்ணீர் குடித்து, உடனே ஏறிக்கொள்ளும். கடைசி நாட்களில் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்தும், தாய் பதில் கொடுக்கும். 21-ம் நாள் 9 குஞ்சுகள்.

அதே நாட்களில் சாம்பலும் அடைக்கு உட்கார்ந்தது. அதனிடம் முட்டைதான் வேண்டியிருந்தது. அடை தெளிவிக்கத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் உண்டு. அவர் அந்த வதையைச் செய்யவில்லை. காற்றோட்டமான கம்பிக்கூண்டைக் கல் மேல் தூக்கி வைத்து, இரையும் தண்ணீரும் கொடுத்து, சில நாள் அதில் விட்டார். அடை தெளிந்தது.

குஞ்சோடு வெளியே வந்த கருப்பு வேறு கோழியாக மாறிவிட்டது. இறகை விரித்துச் சீறியது. நேற்றுவரை கொத்திய சாம்பலே வழிவிட்டது. பானையில் சாணியும் ஓலையும் நனைத்துப் போட்டுக் கவிழ்த்துப் பிடித்த கரையானைக் கொட்டினால், கருப்பு தான் தின்னாமல் கொக்கரித்துக் குஞ்சுகளைக் கூப்பிட்டது. ஒரு குஞ்சைக் காக்கை கொண்டுபோனது. மற்ற எட்டும் பிழைத்தன.

தப்பித்த கோழியின் குஞ்சுக்கு நோய் வராது என்று நினைத்துவிடக் கூடாது. தாய் முட்டை வழியாகக் கொடுக்கும் எதிர்ப்புச் சக்தி சில வாரத்தோடு தீர்ந்துவிடும். கால்நடை மருந்தகத்தில் கேட்டு, 7-ம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கையில் ஊசி என இரண்டையும் தவறாமல் போட்டார். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில், வெயில் ஏறும் முன்பே கொண்டுவந்தார். அரசு ஆண்டுதோறும் இலவசமாக நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு, அடுத்த முறை தெருவில் எல்லாரையும் கூட்டிப் போவதாகவும் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு வீடு விட்டுப்போனால் தெருவே திரும்பக் குழி வெட்ட வேண்டியிருக்கும்.

கார்த்திகையில் சேவல்குஞ்சு நான்கை விற்றதில், விட்டுப்போன சீட்டுத் தவணை கட்டியாயிற்று. கூட்டில் இப்போது 11 பெட்டைகள், ஒரு சேவல். இந்தக் குஞ்சுகள் பருவத்துக்கு வரும்போது அதே சேவல் இருந்தால் தகப்பனும் மகளுமாகச் சேரும், வம்சம் மெலியும். அதனால் தை பிறந்ததும் வேறு ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொள்ள இப்போதே சொல்லிவிட்டார். அதையும் முதலில் காட்டுக் குடிசையில்தான் கட்டுவாராம், 21 நாள்.