வெற்றிடத்துக்கும் ஈயம்

"கவிதைப் புத்தகமாகவே எழுத்துக் கோத்த பெரியவர் ஒருவர் செட்டிநாட்டு வலையபட்டியில் இருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்று நண்பர் சொன்னார். ஆஃப்செட்டும் கணினியும் வந்து கம்போசிட்டர் வேலையே ஒழிந்துபோன காலத்தில் இப்படி ஒருவரா என்று கிளம்பினேன்.

அவர் வேலை பார்த்த அச்சகம் மூடியபோது ஈய எழுத்துகள் எடைக்குப் போய்விட்டன. எழுத்துகளை வரியாகக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கை மட்டும் பெரியவர் வைத்துக்கொண்டார். அதை இடது உள்ளங்கையில் ஏந்தியதும், கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கிக் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தை அழுத்துகிறது. எழுத்துகளைத் தலைகீழாக, இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். எழுத்தின் உடலில் உள்ள சிறு பள்ளத்தை விரல் தடவும்போதே திசை தெரிந்துவிடும்; கண் கையெழுத்துப் பிரதியை விட்டு நகராது. பழைய வடிவ றா, ணா, னாவுக்கெல்லாம் பெட்டியில் தனி அறைகள் இருந்தன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு அவை மெல்லக் காலியாயின.

கவிதை என்றால் வேலை எப்படி என்று கேட்டதும் பெரியவர் சிரித்துவிட்டார்.

"பக்கக் கணக்குலதான் கூலி தம்பி. புதுக்கவிதைன்னா எங்களுக்குக் கொண்டாட்டம். பாதிப் பக்கம் வெறும் கட்டைதானே!"

தாளில் வெள்ளையாகத் தெரியும் இடம் அச்சுக்கோப்பில் வெறுமையாக இருக்க முடியாது. மூன்றே சொல்லில் வரி முடிந்தாலும், மிச்ச அகலத்தை எழுத்தைவிடக் குட்டையான ஈயக் கட்டைகளால் அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தில் இறுக்கித் தூக்கும்போது பக்கமே உதிர்ந்துவிடும். கவிஞர் விட்ட இடைவெளியை எடை போட்டுப் பார்த்தவர்கள் கம்போசிட்டர்கள்தான். "வரியை அவர் மடக்கின இடத்துல நாம கை வைக்கக் கூடாது" என்பது பெரியவரின் தொழில் தர்மம்.

செட்டிநாட்டுக்கு அச்சு புதிதல்ல. காரைக்குடியில் 1920இல் 'தனவைசிய ஊழியன்' இதழ் தொடங்கியது. அது 'ஊழியன்' ஆன பின் புதுமைப்பித்தனும் சிறிது காலம் அங்கே வேலை பார்த்தார். ராயவரத்துக்காரரான சக்தி வை. கோவிந்தன் 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய் மலிவுப் பதிப்பாகக் கொடுத்தார். சிவகங்கையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கவிஞர் மீரா, அன்னம் பதிப்பகத்தையும் அகரம் அச்சகத்தையும் நடத்தினார். புதிய கவிஞர்களின் தொகுப்புகளும் கி. ராஜநாராயணனின் நூல்களும் சென்னையைத் தேடிப் போகாமல் ஒரு சிறு நகரத்திலிருந்து வெளிவந்தன.

மேடையும் குறைவில்லை. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் விழா, பங்குனியில் நாட்டரசன்கோட்டையில் நிறைவுறும். அத்தகைய விழாக்களில் கவியரங்கத்துக்கென்று தனிக் கூட்டம் உண்டு. தலைவர் கவிதையிலேயே அழைப்பார், கவிஞர் கவிதையிலேயே குத்துவார். நல்ல அடி விழுந்தால் 'மறுபடியும்' என்று கூட்டம் கத்தும். சிகாகோவில் கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் 1980களில் தொடங்கிய 'பொயட்ரி ஸ்லாம்' மேடையில் பார்வையாளர்களே நடுவர்களாகிப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். இங்கே அந்த மதிப்பெண் கைதட்டல்தான்.

ஆனால் கைதட்டியவர்கள் புத்தகம் வாங்குவதில்லை. கவிஞர் கைக்காசு போட்டு முந்நூறு பிரதி அச்சிடுகிறார். விற்பனையாளர் 35, 40 சதவீதம் கழிவு கேட்கிறார். விற்ற காசும் உடனே வருவதில்லை. நூலக ஆணை வருமா என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். தாள்காரருக்கும் பைண்டருக்கும் முன்பணம், கடைக்காரருக்குக் கழிவு, எழுதியவருக்கு மட்டும் ஐந்து ஆசிரியர் பிரதிகளும் ஒரு பொன்னாடையும். இது என்ன நியாயம்? 'எழுத்து' இதழை நடத்திய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றது, இந்தக் கணக்கு அன்றைக்கே தெரிந்துதான்.

இப்போது தேவைக்கேற்ப ஐம்பது பிரதி, நூறு பிரதி அச்சிட வசதி வந்துவிட்டது. கிடங்கில் கரையான் அரிக்க வேண்டியதில்லை. விழாக் குழுவினர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பொன்னாடைக்கு ஒதுக்கும் பணத்தில் அந்தக் கவிஞரின் புத்தகங்களை முழு விலைக்கு வாங்கி, வாசலில் ஒரு மேசை போட்டு விற்கட்டும். அடுத்த கவியரங்கத்துக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் நூறு ரூபாய் கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள்.